காட்டுக் காளானும் வளர்ப்புக் காளானும்: எதை அளந்து எதைச் சொல்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவக் காளான்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். காட்டில் தானாக முளைக்கும் காளானில்தான் மருந்துச் சத்து முழுமையாக இருக்கிறது என்றும், கொட்டகையில் வளர்க்கப்படுவதில் பெயரளவுக்கே இருக்கிறது என்றும் கட்டுரையாளர் முடிவு கட்டியிருக்கிறார். அம்முடிவுக்கு ஆதாரமாக மொத்தப் பாலிசாக்கரைடு (சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலிகள்), ஃபிளேவனாய்டு (ஃபீனால் வகைச் சேர்மம்), ஆன்டி ஆக்சிடன்ட் திறன் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல்) ஆகிய மூன்றின் அளவுகளை அட்டவணையாகத் தந்திருக்கிறார். பகுப்பாய்வு வேதியியலைக் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த மூன்று அளவுகளில் எதுவும் அவர் எட்டிய முடிவைத் தாங்காது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். காட்டுக் காளான் உயர்ந்ததா, வளர்ப்புக் காளான் உயர்ந்ததா என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. எந்த இனத்தில், எந்தப் பகுதியில், எந்தச் சேர்மத்தை, எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்டால் மட்டுமே விடை கிடைக்கும். அந்த விடையும் சேர்மத்துக்குச் சேர்மம் மாறும்.

முதலில் பாலிசாக்கரைடை எடுத்துக்கொள்வோம். காளானின் மருத்துவப் பண்புகளுக்குக் காரணம் என்று அதிகமாக ஆராயப்பட்டிருப்பது பீட்டா குளூக்கான் என்னும் பாலிசாக்கரைடு. காளானின் செல் சுவரில் கைட்டின் என்னும் நைட்ரஜன் கொண்ட நார்ப்பொருளோடு பின்னிக் கிடக்கும் இது, குளுக்கோஸ் அலகுகள் 1,3 பிணைப்பில் முதுகெலும்பாகவும் 1,6 பிணைப்பில் கிளைகளாகவும் கோத்த நீண்ட சங்கிலி. மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் அது ஆல்ஃபா பிணைப்பால் ஆனது, நம் குடலில் சர்க்கரையாகச் செரித்துவிடும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத சோதனையால் காளானைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. ஆனால் பல ஆய்வுக்கூடங்களில் இன்றும் கையாளப்படுவது 1956இல் வெளியான ஃபீனால், கந்தக அமிலச் சோதனைதான். அமிலத்தில் உடையும் எந்தச் சர்க்கரையும் அதில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம் தரும். காளானின் பீட்டா குளூக்கானும் அரிசியின் மாவுச்சத்தும் அந்த நிறத்தில் ஒன்றாகவே தெரியும்.

இது நுணுக்கத்துக்காகச் சொல்லும் குறை என்று எண்ண வேண்டாம். மருத்துவக் காளான் பொடிகளில் கணிசமானவை, தானியத்தின் மீது பூஞ்சை இழைகளைப் படரவிட்டு, அந்தத் தானியத்தோடு சேர்த்தே உலர்த்தி அரைக்கப்படுபவை. அவற்றில் மீந்திருக்கும் மாவுச்சத்து முழுவதும் 'மொத்தப் பாலிசாக்கரைடு' என்ற கணக்கில் ஏறிவிடும். உறையில் 50 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தாலும் அதில் எவ்வளவு காளான், எவ்வளவு சோறு என்று வாங்குபவருக்குத் தெரியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வழி இருக்கிறது. மாதிரியில் உள்ள மொத்தக் குளூக்கானை ஒரு முறையும், நொதிகளைக் கொண்டு ஆல்ஃபா குளூக்கானை மட்டும் மறுமுறையும் அளந்து, முதலதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பீட்டா குளூக்கான் கிடைக்கும். காளானுக்கும் பூஞ்சை இழைத் தயாரிப்புகளுக்கும் ஏற்றவாறு செப்பனிடப்பட்ட இம்முறை 2016இல் ஆய்விதழில் வெளியாகிவிட்டது. அதற்குப் பின்னும் ஒருவர் மொத்தப் பாலிசாக்கரைடை மட்டும் தருகிறார் என்றால், ஏன் என்று கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு.

ஃபிளேவனாய்டுக்கு வருகிறேன். இந்த இடத்தில் கட்டுரை தடுக்கி விழுந்தே விட்டது. ஃபிளேவனாய்டுகளை உண்டாக்குபவை தாவரங்கள். அவற்றைத் தொகுக்கத் தேவையான நொதிகளின் வரிசை காளான்களில் இல்லை என்பதையும், நம்பகமான கருவிப் பகுப்பாய்வில் அவை தென்படவில்லை என்பதையும் 2016இல் வெளியான ஓர் ஆய்வு தலைப்பிலேயே ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. அப்படியானால் அட்டவணையில் எண்கள் எப்படி வந்தன? அலுமினியம் குளோரைடு சேர்த்து நிற அடர்த்தியை அளக்கும் எளிய சோதனை, ஃபிளேவனாய்டு அல்லாத சில பொருள்களோடும் வினைபுரிந்து நிறம் காட்டும். மொத்த ஃபீனால் அளவுக்கான ஃபோலின் வினைப்பொருளின் கதையும் இதுவே. வைட்டமின் சி, சில அமினோ அமிலங்கள், ஒடுக்கும் சர்க்கரைகள் என்று எலக்ட்ரான் கொடுக்கவல்ல எதுவும் அதை நீலமாக்கும். காளானில் அமினோ அமிலங்கள் ஏராளம். காட்டுக் காளானில் ஃபிளேவனாய்டு இருமடங்கு என்று எழுதுவதற்கு முன், காளானில் அது இருக்கிறதா என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா?

ஆன்டி ஆக்சிடன்ட் எண்ணைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. சோதனைக் குழாயில் ஒரு சாயத்தின் நிறத்தைப் போக்கும் திறனுக்கும், உண்டவரின் உடலில் நிகழ்வதற்கும் நேரடித் தொடர்பு காட்டப்படவில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறை தான் தொகுத்து வெளியிட்டிருந்த இத்தகைய எண்களின் தரவுத்தளத்தை, வணிக விளம்பரங்களில் அவை தவறாகப் பயன்படுத்தப்படுவதைக் காரணம் காட்டி 2012இல் தானே விலக்கிக்கொண்டது.

இனி, காட்டுக்கும் வளர்ப்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சேர்மம் சேர்மமாகப் பார்ப்போம். கட்டுரையாளர் இதைச் செய்திருந்தால் அவருடைய கட்டுரை இன்னும் சுவையாக அமைந்திருக்கும் என்பது என் எண்ணம். சாகா என்னும் காளான் குளிர்நாடுகளில் பிர்ச் மரத்தண்டில் கரிக்கட்டி போல வளர்வது. அதில் பெட்டுலின், பெட்டுலினிக் அமிலம் என்னும் டிரைடெர்பீன் வகைச் சேர்மங்கள் காணப்படுகின்றன. பிர்ச் மரப்பட்டை வெள்ளையாக இருப்பதற்கே பெட்டுலின்தான் காரணம். சாகாவில் இவை இருப்பது அது தங்கி வளரும் மரத்தின் கொடை. அதே பூஞ்சையைத் தானியத்திலோ திரவ ஊடகத்திலோ வளர்த்தால் இந்தக் கொடை வந்து சேராது. ஆகவே சாகாவைப் பொறுத்தவரை, இந்தச் சேர்மங்கள்தாம் வேண்டும் என்றால், கட்டுரையாளர் சொல்வது சரி.

கார்டிசெப்ஸ் நேர் எதிரான கதை சொல்கிறது. இமயமலையிலும் திபெத்தியப் பீடபூமியிலும் 3,000 மீட்டருக்கு மேல், மண்ணுக்குள் இருக்கும் அந்துப்பூச்சிப் புழுவைத் துளைத்து முளைக்கும் ஓஃபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ் உலகிலேயே விலை மிகுந்த பூஞ்சைகளுள் ஒன்று. ஆனால் கார்டிசெப்ஸ் என்றதும் எல்லோரும் எடுத்தாளும் கார்டிசெபின் என்னும் சேர்மம், 1950ஆம் ஆண்டளவில் பிரித்தெடுக்கப்பட்டது அதிலிருந்து அன்று. அதன் உறவினமான கார்டிசெப்ஸ் மிலிடாரிஸ் என்னும் ஆரஞ்சு நிறப் பூஞ்சையிலிருந்து. இந்த இரண்டாவது இனத்தைக் கண்ணாடிக் குடுவைகளில், அரிசியின் மீது, எந்தப் புழுவும் இல்லாமல் எளிதாக வளர்க்கலாம். அப்படி வளர்த்ததில் கார்டிசெபின் நிறையக் கிடைக்கிறது. மலையில் தோண்டி எடுத்த முதல் இனத்திலோ அது மிகச் சொற்பமாகவே இருக்கிறது, அல்லது கருவிக்கே தென்படாமல் போகிறது. கார்டிசெபினுக்காக மலைப் பூஞ்சைக்குப் பொன் விலை கொடுப்பவர் இல்லாத பொருளுக்கு விலை கொடுக்கிறார்.

எர்கோதியோனின் மூன்றாவது வகை. 1909இல் கண்டறியப்பட்ட இந்தக் கந்தக அமினோ அமிலத்தை மனித உடல் தானாக உண்டாக்குவதில்லை. ஆனால் அதைச் செல்லுக்குள் ஏற்றிச் செல்வதற்கென்று ஒரு கடத்திப் புரதம் நம்மிடம் இருப்பதாக 2005இல் தெரியவந்தது. பூஞ்சைகளும் சில பாக்டீரியாக்களும் இதைத் தாமே தொகுக்கின்றன. கொட்டகையில் வைக்கோலில் வளரும் சிப்பிக் காளானில் இது தாராளமாகவே இருக்கிறது, மொட்டுக் காளானில் உள்ளதைவிட மிகுதியாகவே. வைட்டமின் டியைப் பொறுத்தவரை காட்டுக் காளானுக்கு ஓர் இயல்பான அனுகூலம் உண்டு. வெயில் பட்டால் காளானில் உள்ள எர்கோஸ்டெரால் வைட்டமின் டி2ஆக மாறும், இருட்டறையில் வளர்ந்ததில் அந்த மாற்றம் நிகழாது. ஆனால் அறுவடைக்குப் பின் சிறிது நேரம் புற ஊதா ஒளியில் வைத்தாலே வளர்ப்புக் காளானும் அந்த இடைவெளியைக் கடந்துவிடும். இங்கே வேறுபாட்டை உண்டாக்குவது வெளிச்சம்தான்.

காடா, கொட்டகையா என்பதைவிட, காளானின் எந்தப் பகுதி என்பது சில இனங்களில் பெரிய கேள்வியாகிவிடுகிறது. சிங்கத்தின் பிடரிபோல் வெண்ணிழைகள் தொங்கும் ஹெரிசியம் எரினாசியஸ் காளானில், நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தூண்டுவதாக ஆராயப்படும் ஹெரிசினோன்கள் காளான் உடலிலும், எரினசின்கள் பூஞ்சை இழையிலும் கண்டறியப்பட்டன. இழைத் தயாரிப்பு என்றாலே போலி என்று ஒதுக்குவதும் ஆகவே சரியன்று. தானியம் கலந்த இழையா, திரவத்தில் வளர்த்துத் தனியே வடித்த இழையா என்று பார்க்க வேண்டும். ரீஷி எனப்படும் கனோடெர்மாவில் கசப்புக்குக் காரணமான கனோடெரிக் அமிலங்கள் முதன்முதலாக 1982இல் பிரித்தறியப்பட்டன. இன்று அந்தக் குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட டிரைடெர்பீன்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றின் அளவு, பூஞ்சையின் ரகம், அது வளர்ந்த ஊடகம், அறுவடை செய்த பருவம் ஆகியவற்றைப் பொறுத்து ஏறி இறங்கும். மேலும் டிரைடெர்பீன்கள் ஆல்கஹாலில் கரைபவை, பீட்டா குளூக்கானோ சுடுநீரில் கொதிக்க வைத்தால் இறங்குவது. சுடுநீர்ச் சாற்றில் ஒரு காளானையும் ஆல்கஹால் சாற்றில் மற்றொரு காளானையும் அளந்து ஒப்பிட்டால், தெரியவருவது கரைப்பானின் குணமே.

இதற்கெல்லாம் முன்பாக, அளக்கப்பட்டது எந்த இனம் என்பது உறுதியாக வேண்டும். கிழக்காசியாவில் பயன்படும் ரீஷியை, இங்கிலாந்தில் விவரிக்கப்பட்ட கனோடெர்மா லூசிடம் என்ற பெயரிலேயே நெடுங்காலம் அழைத்துவந்தார்கள். அது தனி இனம் என்று 2012இல்தான் கனோடெர்மா லிங்ஜி என்னும் பெயரில் விவரிக்கப்பட்டது. பழைய ஆய்வுகள் பலவற்றில் எந்த இனம் அளக்கப்பட்டது என்று இன்று திரும்பிப் பார்த்துச் சொல்வது கடினம். அதே 2012இல் பூஞ்சைகளை அடையாளம் காண்பதற்கான பொது டிஎன்ஏ பட்டைக்குறியாக ஐடிஎஸ் என்னும் மரபணுப் பகுதி முன்மொழியப்பட்டது. அந்தச் சோதனையும், பிற்காலத்தில் சரிபார்க்கப் பாதுகாத்து வைத்த மாதிரியும் இல்லாத 'காட்டுக் காளான்' ஆய்வை நான் பாதி ஆய்வாகவே கருதுவேன். வணிகத் தயாரிப்புகளின் நிலை இதைவிட மோசம். அமெரிக்காவில் ரீஷி என்று விற்கப்பட்ட 19 தயாரிப்புகளின் பாலிசாக்கரைடு, டிரைடெர்பீன் அமைப்புகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், உறையில் சொன்னதோடு ஒத்துப்போனவை ஐந்து மட்டுமே.

மாதிரி எடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். ஒரே மரத்தடியில் பறித்த ஒரு காட்டுக் காளானையும், ஒரே பையில் விளைந்த ஒரு வளர்ப்புக் காளானையும் மும்மூன்று முறை கருவியில் செலுத்திச் சராசரி போட்டால், கருவி சீராக வேலை செய்கிறது என்பது மட்டும்தான் நிறுவப்படும். காடு என்பது ஒரே நிலை அன்று. மண், மரம், மழை, காளானின் வயது எல்லாம் இடத்துக்கு இடம் வேறு. பல இடங்களில், பல பருவங்களில் எடுத்த மாதிரிகளுக்குள் உள்ள வேறுபாடு எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான், காட்டுக்கும் வளர்ப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு அதைவிடப் பெரிதா என்று கேட்கவே முடியும். பச்சைக் காளானில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர் என்பதால், ஒன்றைப் பச்சை எடையிலும் மற்றதை உலர் எடையிலும் சொன்னால் பத்து மடங்கு வேறுபாடு சும்மாவே தோன்றிவிடும். புரதக் கணக்கிலும் இப்படி ஒரு பொறி உண்டு. மொத்த நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கும் வழக்கத்தைக் காளானுக்குக் கையாண்டால், கைட்டினில் உள்ள நைட்ரஜனும் புரதமாகிவிடும். அதனால்தான் காளானுக்கு 4.38 என்ற காரணியைப் பயன்படுத்துகிறார்கள். கட்டுரையின் அட்டவணையில் எந்த எடை என்ற குறிப்பே இல்லை.

'காட்டில் விளைவது மாசற்றது' என்ற வரி எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது. காளான்கள் தம்மைச் சுற்றியுள்ள தனிமங்களைத் தேர்ந்து இழுத்துச் சேமிப்பவை. காட்டு அகாரிகஸ் இனங்களில் சில காட்மியத்தையும், போலீட்டஸ் வகைகள் பாதரசத்தையும் செலினியத்தையும் திரட்டுவது நன்கு பதிவானது. 1986இல் செர்னோபில் விபத்துக்குப் பின் ஐரோப்பியக் காடுகளில் படிந்த சீசியம் 137, பல பத்தாண்டுகள் கழிந்தும் காட்டுக் காளான்களில் அளக்கத்தக்க அளவில் கிடைக்கிறது. மேலே சொன்ன மலைக் கார்டிசெப்ஸ் தயாரிப்புகளில் ஆர்செனிக் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் வரை இருந்ததைச் சுட்டிக்காட்டி, 2016இல் சீன அரசின் உணவு மருந்துக் கண்காணிப்பு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. நலவாழ்வு உணவுக்கு அங்கே இருந்த உச்சவரம்பு 1.0 மில்லிகிராம். வளர்ப்புக் காளானும் ஊடகத்தில் உள்ளதை உறிஞ்சத்தான் செய்யும். ஆனால் வளர்ப்பவர் தம் ஊடகத்தைச் சோதித்துப் பார்த்து மாற்றலாம். காட்டு மண்ணில் அதற்கு வழியில்லை.

பகுப்பாய்வு என்பது நல்லதை மட்டும் தேடும் வேலை அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாகாவில் ஆக்சலேட் மிகுதி; அது சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடிய உப்பு. கல்லீரல் புற்றுநோய்க்காக மாதக்கணக்கில் நாள்தோறும் சாகாப் பொடி உட்கொண்ட ஒரு மூதாட்டிக்குச் சிறுநீரகம் பழுதானதை ஜப்பானிய மருத்துவர்கள் 2014இல் பதிவு செய்திருக்கிறார்கள். சாகாவின் பெட்டுலினைப் பெருமையாக எழுதும்போது அதன் ஆக்சலேட்டையும் எழுதுவதுதான் முறை.

இவ்வளவு சொல்வதால் மருத்துவக் காளானே பொய் என்று நான் வாதிடுவதாகக் கொள்ளக் கூடாது. ஷிடேக்கிக் காளானிலிருந்து 1969இல் ஜப்பானிய ஆய்வாளர் சிஹாராவின் குழுவினர் அறிவித்த லெண்டினான் என்னும் பீட்டா குளூக்கான், இரைப்பைப் புற்றுநோய்க்கான துணை மருந்தாக ஜப்பானில் 1985இல் ஏற்பு பெற்றது. டிராமெட்டிஸ் வெர்சிகலர் என்னும் காளானிலிருந்து பெறப்பட்ட பிஎஸ்கே (புரதம் இணைந்த பாலிசாக்கரைடு) அதற்கு முன்பே, 1977இல் ஏற்பு பெற்றது. ஆனால் லெண்டினான் தூய்மை செய்யப்பட்டு, அளவு வரையறுக்கப்பட்டு, வேதிச்சிகிச்சையோடு சேர்த்து ஊசி வழியே கொடுக்கப்பட்டது. அதற்குக் கிடைத்த பெயரை ஷிடேக்கிக் குழம்புக்கு மாற்றிக் கொடுக்க இயலாது. ஹெரிசியத்தைக் குறித்து 2009இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், இலேசான நினைவுத் திறன் குறைவு உடைய 50 முதல் 80 வயது வரையிலான 30 பேர் பங்கேற்றனர்; 16 வாரம் மாத்திரை உட்கொண்டவர்களுக்கு மதிப்பெண் உயர்ந்தது, நிறுத்திய நான்கு வாரத்தில் குறைந்தது. நம்பிக்கை தரும் சிறிய ஆய்வு இது. பெரிய ஆய்வு நடக்கும் வரை அதைச் சிறிய ஆய்வு என்றே அழைக்க வேண்டும்.

காட்டின் பெருமையையும் நான் மறுக்கவில்லை. வளர்ப்பு ரகங்களுக்கெல்லாம் தாய் காட்டில்தான் இருக்கிறது. புதிய சேர்மங்களும் அங்கிருந்துதான் வரும். ஆனால் 'காட்டில் எடுத்ததே மருந்து' என்ற நம்பிக்கை, காட்டில் அந்த இனமே மிஞ்சாமல் செய்துவிடக்கூடியது. ஓஃபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ் 2020இல் அழிவாபத்துக்கு இலக்காகக்கூடிய இனங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அளவுமீறிய அறுவடை அதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இத்தகைய கட்டுரைகளில் அளவுகளை வெளியிடும்போது இனம், பகுதி, கரைப்பான், அளவீட்டு முறை, உலர் எடையா பச்சை எடையா என்ற விவரம் ஆகியவற்றையும் அதே அட்டவணையில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வரி கூடுதலாகும், அவ்வளவுதான். இரண்டாவது வேண்டுகோள் அவசரமானது. மழைக்காலத்தில் வாசகர்கள் தாமே காளான் சேகரிக்கலாம் என்றும், பூச்சி அரித்த காளானும் வெள்ளிக் கரண்டியைக் கறுக்க வைக்காத காளானும் பாதுகாப்பானவை என்றும் கட்டுரையின் இறுதியில் எழுதப்பட்டுள்ளது. இந்த இரண்டு அடையாளங்களும் பொய்யானவை. அமனிட்டா ஃபாலாய்டிஸ் போன்ற கொடிய நச்சுக் காளான் இனங்களில் உள்ள அமனிட்டின் நச்சு வெள்ளியைக் கறுக்க வைக்காது. அந்தக் காளானைப் புழுவும் நத்தையும் தின்னும். வேகவைத்தாலும் உலர்த்தினாலும் நச்சு சிதையாது. உண்டவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கவே பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்கு மேலாகும்; பிறகு தேறியதுபோல் ஓர் இடைவெளி தோன்றி, அதற்குள் கல்லீரல் சிதையத் தொடங்கியிருக்கும். அந்தப் பத்தி தவறானது என்ற திருத்தத்தை, கட்டுரை வெளியான அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அடுத்த இதழிலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பகுப்பாய்வு வேதியியல் ஆசிரியர் (ஓய்வு)